ராணியின் வக்கீல்

திருவையாற்றில் எனக்கு ஒரு சித்தி இருக்கிறார். சித்தப்பா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கூட்டுப் பட்டாவில் இருக்கும் நன்செய் நிலத்தில் சித்தப்பாவின் பாகம் ஆறு மா. அதைப் பிரித்துக் கொடுக்கக் கணவர் வழி உறவினர் நாள் கடத்திக்கொண்டிருக்கிறார்கள். தியாகராஜ ஆராதனைக்குச் சென்றிருந்தபோது, சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த வேளையில், சித்தி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உனக்குத் தெரிஞ்ச நல்ல வக்கீல் யாராவது இருக்காராப்பா? ஜெயிச்சுக் குடுக்கறவரா இருக்கணும்னு இல்லை. ஏமாத்தாதவரா இருந்தாப் போதும்."

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இலக்கியமும் கல்வெட்டும் படித்துக்கொண்டிருப்பவனிடம் கேட்கும் கேள்வியா இது? மாலையில் காவிரிக் கரையோரமாக நடந்துபோனேன். மராட்டிய அரசர் காலத்துக் கல்யாண மகாலைக் கடந்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த மகாலுக்கு உரியவர்களாக இருந்த அரச குடும்பத்தின் விதவை ஒருவரும், ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்பு, சித்தி கேட்ட இதே கேள்வியைத் தமக்குள் கேட்டிருக்க வேண்டும். அவருடைய எதிராளி கொழுந்தனோ மைத்துனனோ அல்ல, கிழக்கிந்தியக் கம்பெனி.

அந்த வழக்கு சட்டம் படித்தவர்களுக்கு நன்கு அறிமுகமானது. இலக்கிய வாசகர்களிடையே அவ்வளவாகப் பேசப்பட்டதில்லை. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

*

1799 அக்டோபர் 25 அன்று இரண்டாம் சரபோஜி கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தஞ்சை நாட்டின் ஆட்சி நிர்வாகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியவை தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நாட்டு வருவாயில் செலவு போக ஐந்தில் ஒரு பங்கும். சரபோஜி 1832இல் மறைந்தார். அவர் மகன் சிவாஜி பட்டத்துக்கு வந்தார். அவர் 1855 அக்டோபர் 29 அன்று ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். மனைவியர் பலரும் இரண்டு பெண்களும் எஞ்சினர். மூத்த ராணியின் பெயர் காமாட்சி பாய்.

ஆண் வாரிசு இல்லாத அரசுகளைக் கம்பெனி விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1848இல் சதாரா, 1854இல் ஜான்சியும் நாகபுரியும். தஞ்சை அரசும் முடிந்துவிட்டதாகக் கம்பெனியின் இயக்குநர்கள் லண்டனிலிருந்து அறிவித்தார்கள். ஆட்சி என்று சொல்லத் தஞ்சையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே அரசு போனதுகூடப் பெரிய அதிர்ச்சி அன்று. அதிர்ச்சி வேறு விதமாக வந்தது. 1856 அக்டோபரில் ரெசிடெண்டாக இருந்த ஃபோர்ப்ஸ் என்பவர் சிப்பாய்களோடு அரண்மனைக்குள் நுழைந்து, அரசுச் சொத்து எது, மன்னரின் சொந்தச் சொத்து எது என்ற வேறுபாடே பாராமல், அனைத்தையும் கைப்பற்றி முத்திரையிட்டார். நகைகள், நிலங்கள், வீட்டுச் சாமான்கள் என்று எதுவும் தப்பவில்லை.

நாட்டை எடுத்துக்கொண்டது அரசியல். கணவன் விட்டுச்சென்ற நகையையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டது? அது எந்தத் தெருவிலும் எந்த விதவைக்கும் நேரக்கூடிய சொத்து வழக்கு. காமாட்சி பாய் அதை அப்படித்தான் பார்த்தார். மன்னரின் சொந்தச் சொத்துக்கு மூத்த மனைவி என்ற முறையில் தாம் உரியவர் என்று வழக்குத் தொடுக்க முடிவு செய்தார்.

*

எங்கே, யாரை வைத்து?

அன்றைய நீதிமன்ற அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கேள்வியின் கனம் விளங்கும். சென்னை மாகாணத்தில் அப்போது இரண்டு வகை நீதிமன்றங்கள் தனித்தனியே இயங்கின. ஒன்று, கம்பெனி ஏற்படுத்திய ஜில்லா கோர்ட்டுகளும் அவற்றுக்கு மேலான சதர் அதாலத்தும். இரண்டு, இங்கிலாந்து மன்னரின் சாசனத்தால் 1801இல் சென்னையில் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட்டு. முன்னதில் நீதிபதிகள் கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள். பலர் சட்டம் படித்தவர்களும் அல்லர். அங்கே வாதாடிய வக்கீல்களுக்கு 1802ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி சனது வழங்கியதும், தேவைப்பட்டால் அதைப் பறித்ததும் கம்பெனியின் நீதிமன்றங்களே. வக்கீல் தொழில் எல்லா மதத்தாருக்கும் திறந்துவிடப்பட்டதும், கூலியை வக்கீலும் கட்சிக்காரரும் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஆனதும் 1846ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். எதிராளி கம்பெனி. நீதிபதிக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. நம் வக்கீலின் சனதும் கம்பெனியின் கோர்ட்டுக் கையில். அந்த வக்கீல் எத்தனை நல்லவராக இருந்தாலும், அவருடைய பிழைப்பு எதிராளியின் வாசலில் அல்லவா கட்டிக் கிடக்கிறது? நம்பிக்கை என்பது ஆளின் குணத்தில் மட்டும் இல்லை. அவர் எங்கே நிற்கிறார் என்பதிலும் இருக்கிறது.

ராணியின் தரப்பு சென்னை சுப்ரீம் கோர்ட்டைத் தேர்ந்துகொண்டது. அவருக்காக வாதாட வந்தவர் ஜான் புரூஸ் நார்ட்டன். இந்தத் தேர்வு தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. வழக்குக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1853இல், தென்னிந்தியாவில் நீதி நிர்வாகம் நடக்கும் லட்சணத்தைப் பற்றி நார்ட்டன் ஒரு நூல் எழுதியிருந்தார். கம்பெனியின் ஜில்லா நீதிபதிகள் எழுதிய தீர்ப்புகளையே எடுத்துக்காட்டி, அவர்களுக்குச் சட்டம் எவ்வளவு தூரம் தெரியவில்லை என்பதை அம்பலப்படுத்திய நூல் அது. ஆக, கம்பெனியைப் பகைத்துக்கொள்ள அஞ்சாதவர் என்பதற்கு அவர் கையெழுத்திலேயே அச்சிட்ட சாட்சி இருந்தது. இன்று வக்கீலைத் தேடும் நாம், "அவர் எப்படிப்பட்டவர்?" என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். அவர் இதற்குமுன் என்ன செய்திருக்கிறார் என்று பார்ப்பதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுப்ரீம் கோர்ட்டு நடைமுறையில் பாரிஸ்டர் நேரடியாகக் கட்சிக்காரரிடம் பேசி வழக்கை எடுத்துக்கொள்வதில்லை. அட்டர்னி ஒருவர் இடையில் இருந்து தாள்களைத் தயாரிக்க வேண்டும். ராணியோ கோஷாவில் இருப்பவர். தஞ்சை அரண்மனையின் திரைக்கும் சென்னை நீதிமன்றத்தின் மேசைக்கும் நடுவே காரியஸ்தர், மொழிபெயர்ப்பாளர், அட்டர்னி என்று எத்தனை கைகள்! ஒவ்வொரு கையும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். இத்தகைய பெண்கள் எவ்வளவு எளிதாக ஏமாற்றப்படக்கூடும் என்பதை நீதிமன்றங்களும் உணர்ந்தே இருந்தன. திரைமறைவில் வாழும் பெண் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டால், அவர் அதைப் புரிந்துகொண்டுதான் இட்டார் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பத்திரத்தை வைத்துப் பலன் தேடுபவருடையது என்பதைப் பிரிவி கவுன்சில் 1867இல் ஒரு வங்காள வழக்கில் வலியுறுத்தியது.

*

இங்கே ஜான்சியைச் சற்று எட்டிப் பார்ப்பது பொருந்தும். 1854இல் ஜான்சி பறிபோனபோது லட்சுமிபாயும் ஒரு வக்கீலைத்தான் முதலில் அழைத்தார். அவர் ஜான் லாங். சிட்னியில் பிறந்தவர், நாவலாசிரியர், பத்திரிகையாளர். 1851இல் ஜோதி பிரசாத் என்ற ராணுவக் காண்டிராக்டருக்காகக் கம்பெனியை எதிர்த்து ஆக்ராவில் வாதாடி வென்றவர். திரைக்குப் பின்னாலிருந்து ராணி பேசியதை அவரே பின்னாளில் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். லாங் ராணியிடம் வெற்றியை வாக்களிக்கவில்லை. இங்கிலாந்துக்கு மனுச் செய்யுங்கள். அதுவரை, உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதிவைத்துவிட்டு, கம்பெனி தரும் உபகாரச் சம்பளத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். கசப்பான ஆலோசனை. ஆனால் நேர்மையானது. மனு தள்ளுபடி ஆயிற்று. பிறகு நடந்தது எல்லோரும் அறிந்த வரலாறு.

வடக்கிலும் தெற்கிலுமாக இரண்டு விதவை ராணிகள். ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இருவரும் எதிராளியை முன்பே பகிரங்கமாக எதிர்த்து நின்ற ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். இந்த ஒற்றுமை எனக்கு வியப்பளிக்கிறது.

*

சென்னை சுப்ரீம் கோர்ட்டு காமாட்சி பாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இதற்கிடையே 1857இன் கலகம் வந்துபோயிற்று. 1858இல் கம்பெனி ஆட்சியே முடிந்தது. ஆகவே மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலை எட்டியபோது மேல்முறையீட்டாளர் பெயர் மாறியிருந்தது. 'இந்திய மந்திரி எதிர் காமாட்சி பாய் சாகிபா' என்பதே சட்ட நூல்களில் இந்த வழக்கின் பெயர்.

1859இல் கிங்ஸ்டவுன் பிரபு வழங்கிய தீர்ப்பு ராணிக்கு எதிராக அமைந்தது. அதன் சாரம் இது: தஞ்சையில் நடந்தது ஓர் அரசு இன்னோர் அரசின்மேல் அதிகாரத்தால் செய்த 'அரசச் செயல்'. அது நியாயமா அநியாயமா என்று ஆராயும் உரிமை உள்நாட்டு நீதிமன்றம் எதற்கும் இல்லை. தவறு இழைக்கப்பட்டிருந்தாலும் அதற்கு நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாது.

தவறு நடக்கவில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கதவு பூட்டியிருக்கிறது என்று மட்டுமே சொன்னது. நூறாண்டு கழித்து, சுதந்திர இந்தியாவில் சமஸ்தானங்கள் இணைக்கப்பட்ட பிறகு, பழைய மன்னர்களிடம் பெற்ற சலுகைகளைக் கோரி மக்கள் வழக்குத் தொடர்ந்தபோது, நம் உச்ச நீதிமன்றமும் (1958இல் டால்மியா தாத்ரி வழக்கில், 1964இல் வோரா ஃபிதாலி வழக்கில்) இதே தஞ்சை வழக்கை எடுத்துப் பேசியது. ஒரு விதவையின் நகைப்பெட்டிக்காக எழுந்த வழக்கு குடியரசின் சட்ட நூல்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்படியானால் ராணி தேர்ந்த வக்கீல் தோற்றுவிட்டாரா? சட்டத்தில் தோற்றார். ஆனால் நார்ட்டன் இந்த விவகாரத்தை நீதிமன்றச் சுவர்களுக்குள் மட்டும் வைத்திருக்கவில்லை. 1857இல் லண்டனில் வெளிவந்த, இந்தியக் கலகத்தின் காரணங்களைப் பற்றிய தம் நூலில், தஞ்சையில் நடந்ததை விரிவாக எழுதி ஆங்கிலேய வாசகர் முன் வைத்தார். ஒரு வழக்கு நீதிபதியின் முன் மட்டும் நடப்பதில்லை. ஊரார் மனச்சாட்சியின் முன்னும் நடக்கிறது என்பதை அறிந்தவர் அவர். 1862 ஆகஸ்டில் சென்னை அரசு, விவகாரத்தின் சூழ்நிலைகளைக் கருதி, மறைந்த மன்னரின் நிலச்சொத்து முழுவதையும் அவருடைய வாரிசுகளுக்கே விட்டுக்கொடுப்பதாக ஆணையிட்டது. மூத்த ராணியிடம் நிர்வாகம். மற்ற ராணிகளும் சேர்ந்து அனுபவிக்க அவர் வகைசெய்ய வேண்டும். அவர்களுக்குப் பிறகு மகளுக்கு. நீதிமன்றம் தர முடியாது என்றதை அரசே தந்தது. பிரிவி கவுன்சில் தீர்ப்புக்குப் பின் வந்த மூன்று ஆண்டுகளில் எத்தனையோ கைகள் இதற்கு உழைத்திருக்கலாம். ஆனால் உண்மைகளை உரிய காலத்தில் அச்சில் ஏற்றிவைத்ததற்கும் அதில் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டே, 1863இல், அதே சென்னை அரசு நார்ட்டனைத் தன் அட்வகேட் ஜெனரலாக நியமித்தது! எதிராளியே தேடிவந்து அமர்த்திக்கொள்ளும் வக்கீல் என்றால், நேர்மைக்கு அதைவிட நற்சான்று என்ன வேண்டும்?

*

கதை இத்துடன் முடிந்திருந்தால் நீதிக்கதை ஆகியிருக்கும். வரலாறு அப்படி முடிவதில்லை. சொத்து திரும்ப வந்ததும் ராணிகளுக்குள் பிணக்கு வந்தது. 1868இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த 'ஜீஜாயி அம்பா பாய் எதிர் காமாட்சி பாய்' வழக்கில், நம் காமாட்சி பாய் பிரதிவாதி. ஒருவருக்குப் பல மனைவியர் இருந்தால் அவர்கள் எல்லோரும் கூட்டாகவே ஆயுள்வரை அனுபவ உரிமை பெறுவர், மூத்தவருக்கு மட்டும் தனி உரிமை இல்லை என்ற இந்துச் சட்டக் கருத்துக்கு இன்றளவும் மேற்கோள் காட்டப்படும் வழக்கு அது. கம்பெனியிடம் 'என் கணவன் சொத்து' என்று கேட்ட அதே நியாயத்தை இளைய ராணிகள் அவரிடம் கேட்டார்கள். அதற்கும் பிறகு, கத்தியை வைத்து மணம்புரிந்த ஆசைநாயகியரின் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை உண்டா என்ற கேள்வியோடு, தஞ்சை அரண்மனைச் சொத்து 1924இலும் சென்னை உயர் நீதிமன்றத்தில் 'கோலாப்பூர் மகாராஜா எதிர் சுந்தரம் அய்யர்' என்ற பெயரில் பேசப்பட்டது. 1855இல் மறைந்த மன்னரின் சொத்துக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் வழக்கு. வக்கீல் எத்தனை நல்லவராக இருந்தாலும், வழக்கின் ஆயுளைக் குறைப்பது கட்சிக்காரரின் மனத்திலும் இருக்கிறது.

*

அரண்மனைக்கு இந்தக் கதி என்றால், அதே ஆண்டுகளில் காவிரிக் கரையின் சாதாரணக் குடியானவன் என்ன செய்தான்? இதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் சாட்சி மாயூரம் வேதநாயகம் பிள்ளை. ராணியின் வழக்கு நடந்துகொண்டிருந்த 1857இல்தான் அவர் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றினார். சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் வெளியிட்டார். தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்னவென்று வாதிக்கும் பிரதிவாதிக்கும் அவரவர் மொழியிலேயே தெரிய வேண்டும் என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. 1879இல் அச்சேறிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், தமிழ்க் கட்சிக்காரருக்காகத் தமிழ் நீதிபதியின் முன் தமிழ் வக்கீல் இங்கிலீஷில் வாதாடும் கூத்தை அவர் கேலி செய்யும் பகுதியை இன்று படித்தாலும் சிரிப்பும் வருத்தமும் ஒருசேர வருகின்றன. தன் வழக்கில் என்ன பேசப்பட்டது என்று அறியாமல் கோர்ட்டு வாசலில் கைகட்டி நிற்பவனால், தன் வக்கீல் உண்மையாக உழைத்தாரா என்று எப்படி அறிய முடியும்? தமிழின் முதல் நாவலை எழுதியவர் ஒரு முன்சீப் என்பது வெறும் தகவல் அன்று. ஊராரின் வழக்குகளைக் காது கொடுத்துக் கேட்டவரிடமிருந்துதான் அந்த உரைநடை பிறந்தது.

*

மறுநாள் காலை சித்தியிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ராணி கதையெல்லாம் சரி, நான் யார்கிட்டப் போறது?" என்றார். நியாயமான கேள்வி. ராணியின் கதையிலிருந்தே பதில் சொல்லிப் பார்த்தேன்.

எதிராளிக்குக் கடன்பட்டிராதவரிடம் போங்கள். சிறிய ஊரில் ஒரே வக்கீல் இரு பங்காளிகளுக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். அதை அவரிடமே நேரில் கேட்டுவிடுவதில் தவறில்லை. ஜெயித்துவிடலாம் என்று முதல் நாளே சொல்பவரைவிட, எங்கே தோற்கக்கூடும் என்று சொல்பவரை நம்புங்கள். ஜான் லாங் சொன்னதுபோல. எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதாத தாளில் கையெழுத்திடாதீர்கள். கொடுக்கும் பணத்துக்குச் சீட்டும், வழக்குக்கு எண்ணும் கேட்டு வாங்குங்கள். கூலிக்குப் பதில் நிலத்தில் பங்கு கேட்பவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஜெயித்தால் இவ்வளவு என்று பேசுவதைப் பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. உங்களிடம் பணம் இல்லை என்றாலும் வழியிருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள் எவரும், வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி பெறலாம்.

இன்னொன்றையும் சொன்னேன். வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. அதற்கு அது சொன்ன காரணங்களில் ஒன்று, வக்கீல் தம் கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாட்டில், அவர் சொற்படி நடக்கக் கடமைப்பட்டவர் என்பது. ஆகவே வழக்கை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட முடியாது. வாய்தா தோறும் போய்க் கேட்க வேண்டியது நாமே.

சித்தி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கடைசியிலே அந்த ராணிங்களும் தங்களுக்குள்ளேயே கோர்ட்டுக்குப் போனாங்கன்னு சொன்னியே" என்றார்.

"ஆமாம்."

"அப்ப ஒரு தரம் நானே அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு வந்துடறேன். அப்புறம் வக்கீலைப் பார்க்கலாம்."

அவர் பேசிவிட்டு வந்தார். காரியம் ஆகவில்லை. அடுத்த வாரம் நானும் அவரும் கோர்ட்டு வளாகத்துக்குப் போய்ச் சட்டப் பணிக் குழுவில் மனுக் கொடுத்தோம். அங்கே அமர்த்தித் தந்த இளம் பெண் வக்கீல் தாள்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "முதல்லே சமரசத்துக்குக் கூப்பிட்டுப் பார்ப்போம்மா. கேஸுன்னு போனா வருஷக் கணக்காகும், அதையும் சொல்லிடறேன்" என்றார்.

வெளியே வந்ததும் சித்தி சொன்னார்: "இவங்க போதும்."